அடுத்தடுத்த அறைகளுக்கு லேமினேட் தரை: வாசலில்தான் வேலையே

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அறைகளுக்கும் நடுவில் பட்டை எதுவும் வைக்காமல் ஒரே ஓட்டமாக லேமினேட் பலகை போட்டேன். முடித்த அன்று கதவைத் திறந்துவைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கூடம் மாதிரி இருந்தது, அவ்வளவு பிடித்துப்போனது. மழைக்காலம் தொடங்கிச் சில வாரத்தில், சரியாகக் கதவு நிலைக்கு நேராக, இரண்டு பலகைகள் கூரை முகடு மாதிரி எழும்பிவிட்டன.

இந்தப் பலகையின் நடுப்பகுதி மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தது. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆணியோ பசையோ போட்டுத் தரையோடு பிடிக்காமல் மிதக்க விடுவதே அதற்காகத்தான். அதனால் சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடம் விட வேண்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டி அதை மறைத்துவிடும். சுவரோரம் எல்லாம் ஒழுங்காக விட்டிருந்தேன். நிலைக்காலில் மட்டும் இடைவெளி தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று பலகையை இறுக்கி ஒட்ட வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் பெரிய தரை, நடுவில் ஒடுங்கிய கழுத்து, அந்தக் கழுத்தையும் இறுக்கிப் பிடித்தால் அது வேறெங்கே போகும், மேலேதான் எழும்பும்.

பெட்டிக்குள் வரும் தாளை அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். வாசலில் தரையைப் பிரித்து, இடைவெளியை மேலிருந்து மூடும் T வடிவ டி பட்டை வைக்கச் சொல்லியிருந்தது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், தரை ஒரே ஓட்டமாக எத்தனை மீட்டர் போகலாம் என்பதற்கும் ஓர் எல்லை போட்டிருப்பார்கள். உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படியே செய்யுங்கள்.

பட்டை வைப்பதாக இருந்தால் அது சாத்திய கதவுக்கு நேர் கீழே வரட்டும், அப்போது எந்த அறையில் நின்றாலும் அந்த அறையின் தரை மட்டும்தான் கண்ணில் படும். பட்டையைப் பிடிக்கும் தடத்தை அடித்தரையில் திருகுங்கள், பலகையில் திருகவே கூடாது. தடத்துக்கு இரு பக்கமும் அதே 8–10 மி.மீ. இடம் வேண்டும். பட்டை கொஞ்சம் உயர்ந்து நிற்கும், கதவு இடிக்காதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

நிலை மரமாக இருந்தால் அடியில் அறுத்துப் பலகையை உள்ளே நுழைப்பதுதான் நல்ல வழி. பலகைக்கு அடியில் போடும் ஃபோம் விரிப்பின் மேல் ஒரு துண்டுப் பலகையைக் கவிழ்த்து வைத்து, கை ரம்பத்தை அதன் மேல் படுக்கையாக வைத்து அறுத்தால் உயரம் அச்சாக அமையும். நுழைந்த பலகை உள்ளே போய் எதிலும் முட்டக் கூடாது. இரும்பு நிலை என்றால் அறுக்க முடியாது, சுற்றிலும் இடம் விட்டு வெட்டி, அதே நிறத்தில் இழுபடும் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) நிரப்பலாம்.

இன்னொன்று, வரிசை. இரண்டு அறைச் சுவர்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்று நம்பாதீர்கள். வாசல் வழியாக இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே நூல் பிடியுங்கள், பிறகு சுவர் வரை எத்தனை வரிசை வரும் என்று கணக்குப் போடுங்கள், கடைசி வரிசை 5 செ.மீ.க்குக் குறைந்தால் முதல் வரிசையை அகலம் குறைத்து வெட்டிக்கொள்ளலாம். பட்டை இல்லாமல் ஓட்டினால் இரண்டாவது அறையில் ஒரு பகுதியைப் பின்னோக்கிப் போட வேண்டி வரும், அங்கே பலகையைச் சாய்த்துப் பூட்ட வராது. பலகை விளிம்பில் அடுத்த பலகையின் நாக்கு நுழையும் பள்ளம்தான் காடி, அதன் கீழ் உதட்டில் மேடாக இருக்கும் பகுதியை உளியால் சீவி, மரப்பசை தடவிப் படுக்கையாகவே தட்டிச் சேர்க்க வேண்டும். பட்டை வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது, ஒவ்வோர் அறையும் தனித் தரை.

எழும்பிய இரண்டு பலகைகளின் விளிம்பும் உப்பிப்போயிருந்ததால் திரும்பப் போட முடியவில்லை. மிச்சம் வைத்திருந்த பெட்டி கைகொடுத்தது. கதவுக்கு நேராகக் கோடு போட்டு அறுத்து, தடம் திருகி, பட்டையை அழுத்திவிட்டேன். நிலைக்கு அடியிலும் இப்போது இடம் இருக்கிறது, 8 மி.மீ. ஆப்பு ஒன்றைச் செருகிப் பார்த்தேன், தடையில்லாமல் போகிறது.