கல்யாண நாளுக்குப் பாரிஸ்: வாடகை வீட்டில் ஆறு இரவு

பாரிஸில் கல்யாண நாள் கொண்டாடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்து வீடு பிடிக்கிறார்கள். படத்தில் ஈஃபில் கோபுரத்தின் நுனி தெரிந்தால் உடனே பணம் கட்டிவிடத் தோன்றும். ஆனால் ஆறு இரவும் நிம்மதியாகக் கழியுமா என்பது எத்தனையாவது மாடி, கட்டில் எவ்வளவு அகலம், வெந்நீர்த் தொட்டி எத்தனை லிட்டர், கதவு எப்படிப் பூட்டும் என்பதில்தான் இருக்கிறது. இவற்றை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் விசா. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் வந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். பிரான்ஸ்-விசாஸ் தளத்தில் படிவத்தை நிரப்பி, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கி, கைரேகை கொடுக்க வேண்டும். 2024 ஜூன் 11 முதல் கட்டணம் தலைக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கணவனும் மனைவியும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வீட்டு முன்பதிவுத் தாளில் முழு முகவரி, வரும் தேதி, போகும் தேதியோடு இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். பதிவு செய்தவர் பெயர் மட்டும் இருந்தால், மற்றவர் எங்கே தங்கப் போகிறார் என்ற கேள்வி வரும். செலவுக்குப் பணம் காட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டல் பதிவு உள்ளவர் நாளுக்கு 65 யூரோ காட்டினால் போதும், இல்லாதவர் 120 காட்ட வேண்டும். வாடகை வீடு ஓட்டல் அல்ல என்பதால் 120 கணக்கிலேயே வைத்துக்கொள்வது பத்திரம். இரண்டு பேர், ஏழு நாள் என்றால் 1,680 யூரோ. விசா கைக்கு வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக மட்டும் எடுங்கள்.

வீடு சட்டப்படி வாடகைக்கு விடப்படுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. 2017 டிசம்பரில் வந்த முறைப்படி, பாரிஸில் குறுகிய கால வாடகை விளம்பரத்தில் 13 எழுத்து, எண் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். அதன் முதல் ஐந்து இலக்கங்களில் வட்டாரம் தெரியும்: 75104 என்று தொடங்கினால் நான்காவது வட்டாரம், 75118 என்றால் பதினெட்டாவது. விளம்பரத்தில், மூன்றாவது, நான்காவது வட்டாரங்களில் இருக்கும் மரே பகுதி என்று போட்டுவிட்டு எண் 75119 என்று தொடங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வாடகைக்கு விடலாம் என்றிருந்தது; பாரிஸில் 2025 ஜனவரி முதல் அது 90 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே, ஆண்டின் பிற்பகுதியில் உரிமையாளர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் இந்த வரம்பும் காரணமாக இருக்கலாம். வாடகைத் தளத்துக்கு வெளியே வங்கிப் பரிமாற்றமாகப் பணம் கேட்டால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

விளம்பரத்தில் 'தூ பியேஸ்' என்றால் இரண்டு அறை. அதாவது ஒரு படுக்கையறை, ஒரு கூடம். சமையலறையும் குளியலறையும் இந்தக் கணக்கில் வராது. 'ஸ்டூடியோ' என்றால் எல்லாம் ஒரே அறை. 30 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் சுமார் 320 சதுர அடி. இருவருக்கு அதற்குக் கீழே போக வேண்டாம். 'மெஸ்ஸனீன்' என்று கண்டால் ஏணி ஏறிப் படுக்க வேண்டிய பரண் என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, நள்ளிரவில் எழுந்து இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. 'கிளிக்-கிளாக்' என்பது மடக்கும் சோபா. ஆறு இரவு படுத்தால் முதுகு தாங்காது.

கட்டிலை அளவு கேட்காமல் எடுக்காதீர்கள். பிரான்ஸில் இருவர் கட்டில் என்றால் வழக்கமாக 140 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். நம்மூர் குவீன் கட்டில் 60 அங்குலம், அதாவது 152 செ.மீ. வீட்டில் அதற்கும் அகலமான கட்டிலில் படுத்துப் பழகியவர்களுக்கு 140-ல் தோளோடு தோள் இடிக்கும், ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். 160-க்கு 200 என்று எழுதியிருக்கும் வீடுகள் தேடினால் கிடைக்கும். படத்தை நம்பாமல் செய்தி அனுப்பி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கல்யாண நாள் பயணத்தில் நாங்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டோம்.

லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடி என்றால் நூறு படிக்கு மேல் இருக்கும். மெழுகு பூசிய வழுக்கும் மரப்படிகள் வளைந்து வளைந்து போகும். 23 கிலோ பெட்டி இரண்டை அதில் ஏற்றுவது லேசான வேலை அல்ல. லிஃப்ட் இருந்தாலும் படிக்கட்டின் நடுவே பின்னாளில் செருகியதாக இருக்கும். ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும். மேல்மாடிக்கு இன்னொரு பிரச்சினை கூரை. பாரிஸின் சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகள் பார்க்க அழகு. அவற்றை அமைக்கும் தொழில்திறன் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில்கூட இடம்பெற்றது. ஆனால் ஜூலை வெயிலில் அந்தத் தகடு காய்ந்து, அடியில் இருக்கும் அறையை அடுப்பாக்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது. பகலில் ஜன்னல்களின் வெளிப்பலகைகளைச் சாத்திவைத்து இரவில் ஜன்னல்களைத் திறந்துவிடுவதுதான் வழி. கோடையில் இரண்டு, மூன்றாவது மாடியாக, 'சுர் கூர்' என்று போட்ட வீடாகப் பாருங்கள். முற்றத்தைப் பார்த்த வீடு என்று பொருள். தெருச் சத்தம் வராது.

முடிந்தால் திங்கள்கிழமை வந்து இறங்குங்கள். மெட்ரோ, ரயில், பேருந்துக்கான நவிகோ வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், நடுவாரத்தில் வாங்கினாலும் ஞாயிற்றோடு முடிந்துவிடும். 2025-ல் அது 31.60 யூரோவாக இருந்தது, அட்டைக்கு 5 யூரோவும், 2.5-க்கு 3 செ.மீ. அளவில் ஒரு புகைப்படமும் வேண்டும். அந்த ஆண்டு விமான நிலையத்துக்கு ஒரு வழிச் சீட்டு மட்டும் 13 யூரோவாகவும், மெட்ரோவுக்குத் தடவைக்கு 2.50 ஆகவும் இருந்தது. போக வர விமான நிலையம், நடுவே நாலைந்து முறை மெட்ரோ என்றாலே வாரச் சீட்டு லாபம். வெர்சாய் அரண்மனைக்குப் போகவும் அதுவே போதும். ஜனவரிதோறும் கட்டணம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, சோதனையில் பிடித்தால் அபராதம்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை தொடங்கியது. வரிசை நீளும் என்பதால், சாவி கொடுக்க ஆள் வரும் வீடு என்றால் விமானம் இறங்கியதிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி நேரம் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பெயர், பிறந்த தேதி, நாடு, ஊர் முகவரி கேட்டு ஒரு படிவம் நீட்டினால் பயப்பட வேண்டாம்; வெளிநாட்டவர் தங்கினால் அது சட்டப்படி நிரப்ப வேண்டிய காவல்துறைப் படிவம்.

இனி கதவு. பாரிஸ் அடுக்ககக் கதவுகள் பலவற்றுக்கு வெளிப்புறம் சுழலும் கைப்பிடி இருக்காது, அசையாத குமிழ் மட்டும்தான். சாத்தினால் நாக்கு விழுந்துவிடும், சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போட ஒரு நிமிடம் வெளியே வந்தாலும் சாவி கையில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: உள்பக்கத் துளையில் சாவியைச் செருகியபடி விட்டுவிட்டால், பல பூட்டுகளில் வெளியிலிருந்து இன்னொரு சாவி உள்ளே போகாது. ஒருவர் தூங்க மற்றவர் ரொட்டி வாங்கப் போகும் காலையில்தான் இது நடக்கும். இருவருக்கும் தனித்தனிச் சாவி கேட்டு வாங்கி, உள்ளே வந்ததும் சாவியை உருவி ஆணியில் மாட்டுங்கள். வெளியே போகும்போது கைப்பிடி உள்ள பூட்டானால் அதை மேலே தூக்கிவிட்டுச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் முழுதாகப் பூட்டும். மாட்டிக்கொண்டால் முதலில் உரிமையாளரைக் கூப்பிடுங்கள். வாசலில் கிடக்கும், அரசு அறிவிப்பு போல அச்சிட்ட பூட்டுக்காரர் துண்டுச்சீட்டை நம்பி அழைக்க வேண்டாம். வெறுமனே சாத்திக்கொண்ட கதவை நெகிழித் தகடு ஒன்றைச் செருகியே திறந்துவிடலாம்; பூட்டைத் துளைத்து மாற்ற வேண்டும் என்பவரிடம் 'தெவீ', அதாவது எழுத்தில் மதிப்பீடு, வாங்காமல் கைவைக்க விடாதீர்கள்.

அடுத்து வெந்நீர். சிறிய வீடுகளில் 50 லிட்டர் மின் தொட்டி இருக்கும். 60 டிகிரி நீரைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் 90 முதல் 100 லிட்டர் வரும். ஷவரில் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகிறது என்றால் மொத்தம் எட்டு ஒன்பது நிமிடம். முதலில் போனவர் ஏழு நிமிடம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். மறுபடி சூடாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் பல வீடுகளில் மின்சாரம் மலிவான இரவு நேரத்தில் மட்டுமே தொட்டி தானாகச் சூடாகும். மின்பெட்டியில் 0, ஆட்டோ, 1 என மூன்று நிலை உள்ள சிறு சுவிட்சை 1-க்குத் தள்ளினால் பகலிலும் சூடாகும். ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் குளிப்பது எளிய வழி. கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது, ஒரு சின்னக் குவளையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு 3 அல்லது 6 கிலோவோல்ட் ஆம்பியர்தான் இருக்கும். கெட்டில், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் சேர்ந்து ஓடினால் எல்லாம் அணைந்துவிடும். ஒன்றைக் கழற்றிவிட்டு, பச்சை நிற லின்கி மீட்டரில் கூட்டல் குறிப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மின்சாரம் திரும்பும். மீட்டர் சில வீடுகளில் வெளித் தாழ்வாரத்து அலமாரியில் இருக்கும், முதல் நாளே கேட்டு வையுங்கள். நம்மூர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. இரண்டு முள் சார்ஜர் நுழையும்.

சமைப்பதானால், இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். புகைபோக்கி போல் இருப்பது பல வீடுகளில் காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். 2015 மார்ச் முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மிளகாய் கருகினால் கட்டடமே கேட்கும்படி அலறும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மா எல்லாம் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், லா ஷப்பெல் பகுதியில் ஃபோபூர் சான் தெனி தெருவின் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். கல்யாண நாளன்று அர்ச்சனை செய்ய விரும்பினால் அருகிலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கல்யாண நாள் கொண்டாட்டத்தைத் திங்கள் செவ்வாயில் வைத்தால் கவனம்: லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. ஈஃபில் கோபுரம் இருட்டிய பின் ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் மினுக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து ஆகிவிடும், இரவு உணவை முடித்துவிட்டே போகலாம். டிசம்பரில் மாலை ஆறு மணிக்கே பார்க்கலாம். ஆறாம் எண் மெட்ரோவில் பாஸி நிலையத்திலிருந்து பீர்-ஹக்கேம் வரை ஆற்றைக் கடக்கும்போது கோபுரம் முழுதாகத் தெரியும்.

கேக்கை இரண்டு நாள் முன்பே பக்கத்துக் கடையில் சொல்லிவையுங்கள். சைவர்கள் கேட்க வேண்டிய சொல் 'ழெலத்தீன்'. மூஸ் அடுக்கிய பளபளப்பான கேக்குகளில் பன்றி அல்லது மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுத்த அந்தப் பொருள் சேர்ந்திருக்கும். எலுமிச்சை டார்ட், எக்லேர் போன்றவற்றில் பெரும்பாலும் இருக்காது, முட்டை இருக்கும். உணவகத்தில் இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் தொடங்காது. 'கராஃப் தோ' என்று கேட்டால் குடிநீர் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது, டிப்ஸ் உங்கள் விருப்பம்.

வந்த அன்றே வீடு முழுவதையும் ஒரு வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். வங்கி அட்டையில் பிடித்துவைத்த முன்பணம் தகராறில்லாமல் விடுபட இதுவே ஆதாரம். கிளம்பும் நாளில் அட்டை, நெகிழிப் பொருட்கள் மஞ்சள் மூடித் தொட்டியிலும், கண்ணாடி வெள்ளை மூடியிலும், மற்றவை பச்சை மூடியிலும் போக வேண்டும். தொட்டிகள் முற்றத்து அறையில் இருக்கும். இரவு பத்துக்கு மேல் பாட்டில்களைப் போட்டால் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் கோபிப்பார்கள். வெந்நீர்த் தொட்டியின் சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பி, வீடியோவை இன்னொரு முறை எடுத்து, இரண்டு சாவியையும் சாவி வைக்கும் பெட்டியில் போட்டுப் படம் பிடித்து அனுப்புங்கள். பெட்டிகளை எல்லாம் வாசலுக்கு வெளியே வைத்து எண்ணிப் பார்த்த பிறகு கதவை இழுத்துச் சாத்துங்கள்.