.22 ரைபிள்: ஸ்கோப்பை 50 மீட்டரில் ஜீரோ செய்த குறிப்புகள்

முயல் மாதிரி சின்ன வேட்டைக்கு .22 லாங் ரைபிள் தோட்டா என்றால் ஜீரோ தூரம், அதாவது குறிபார்த்த புள்ளியிலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்யும் தூரம், 50 மீட்டர் போதும். முயல் தலையில் குறிபார்க்கும் இடம் ஏறத்தாழ 3 செ.மீ. தான். ஐந்து குண்டும் அந்த வட்டத்துக்குள் விழும்வரை வேட்டைக்கு எடுத்துப் போகவே கூடாது.

முதலில் திருகுகள். ஸ்கோப் வளையத் திருகுகளை 15 முதல் 20 அங்குல-பவுண்டு (திருகுவிசை அளவு) வரை, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். குண்டுகள் சிதறினால் பலரும் தோட்டாவைக் குறை சொல்வார்கள். பார்த்தால் வளையமோ, ரைபிளின் மரக்கட்டையைப் பிடிக்கும் திருகோ தளர்ந்திருக்கும். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கம்பி சாய்ந்திருந்தால், ஸ்கோப் குமிழைத் திருப்பி மேலே ஏற்றும் ஒவ்வொரு கிளிக்கும் பக்கவாட்டிலும் இழுக்கும்.

அடுத்து, ரைபிள் காலியா என்று உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே 25 மீட்டரில் உள்ள அட்டையைப் பாருங்கள். ரைபிளை அசைக்காமல் குறுக்குக்கம்பியை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால் முதல் குண்டே அட்டையில் விழும். பாதித் தோட்டா மிச்சம்.

சுடும்போது மணல்பை முன்கட்டைக்கு அடியில் இருக்கட்டும், குழலுக்கு அடியில் வேண்டாம். குழல் எதன்மேலாவது அழுந்தினால் குண்டு இடம் மாறும். பின்னால் பாதுகாப்பான மண்மேடு கட்டாயம். இந்தச் சின்னக் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

ஒரு குண்டைப் பார்த்துக் குமிழைத் திருப்பாதீர்கள். ஐந்து சுட்டு, நடுப்புள்ளியை அளந்த பிறகுதான் திருப்ப வேண்டும். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 50 மீட்டரில் சுமார் 3.6 மி.மீ., 25 மீட்டரில் அதில் பாதி. நடுப்புள்ளி 22 மி.மீ. கீழே, 11 மி.மீ. இடப்பக்கம் என்றால் மேலே 6, வலப்பக்கம் 3. திருப்பியதும் இன்னொரு ஐந்து சுட்டுப் பாருங்கள். சில ஸ்கோப்புகளில் கிளிக் உடனே முழுசாக நகராது, ஓரிரு குண்டு அதிர்ந்த பிறகே நிலைக்கும்.

குழலை இப்போதுதான் துடைத்திருந்தால் முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயமும் மெழுகும் படிந்த பிறகுதான் குழல் ஒரு நிலைக்கு வரும். தோட்டா பிராண்டு மாறினாலும் ஜீரோ மாறும், ஆகவே வேட்டைக்கு எடுக்கும் அதே தோட்டாவில் ஜீரோ செய்யுங்கள். காற்று விஷயத்தில் பலர் நம்ப மறுப்பது ஒன்று உண்டு: அதிவேகத் தோட்டாதான் சாதா வேகத் தோட்டாவைவிடக் காற்றில் அதிகம் ஒதுங்கும். ஒலிவேகத்தை ஒட்டி இழுவை ஏறி, வேகத்தைச் சட்டென்று இழப்பதே காரணம்.

அதிவேக 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, ஸ்கோப் குழலுக்கு மேல் 38 மி.மீ. உயரம், 50 மீட்டர் ஜீரோ: 25 மீட்டரில் 5 மி.மீ. மேலே, 75 மீட்டரில் ஆறேழு செ.மீ. கீழே. 10 மீட்டரில் 15 மி.மீ. கீழே என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பக்கத்தில் நிற்கும் முயலைத் தவறவிடுவது இதனால்தான். இவை தோராயம், உங்கள் ரைபிளில் ஒவ்வொரு தூரத்திலும் சுட்டு அளந்து, சிறு சீட்டில் எழுதிக் கட்டையில் ஒட்டுங்கள். ரைபிள் கீழே விழுந்தாலோ, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினாலோ மறுபடி 25 மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.