பொக்காராவில் மகள், உட்லியில் நான்

தொண்டூழியம் செய்ய நேபாளம் போனவள் எங்கள் சின்னவள். வேலை வந்து விடிந்திருப்பதோ என் தலையில்.

பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, பொக்காராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாள். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கி, சிங்கப்பூரின் சொகுசையெல்லாம் மறந்து வாழப்போவதாக அவள் அறிவித்தபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. தேக்காவுக்குப் போய்ச் சாம்பார்ப் பொடியும் நெத்திலிச் சம்பலும் கோடாலித் தைலமும் வாங்கிவந்து பெட்டியில் அடுக்கினேன். அவள் அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை வைத்துப் பஞ்சத்தில் ஒரு கிராமத்தையே காப்பாற்றிவிடலாம் என்றார்.

அங்கே கதவைத் திறந்த பெரியவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, சிங்கப்பூரில் எந்தப் பேட்டை என்பதுதான். 1949 முதல் நம் காவல்துறையில் இருந்துவரும் கூர்க்கா படைப்பிரிவில் பணியாற்றி, மவுண்ட் வெர்னன் முகாமில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் விதிப்படி 2009இல் ஊர் திரும்பியவராம் அவர். சிங்கப்பூரை மறக்கப் போனவளுக்கு முதல் நாள் மாலை ஒரு பெரிய குவளை நிறைய மைலோ கிடைத்தது.

சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. என் வீட்டில் ஒரு கரண்டி சோற்றுக்கு மேல் வைத்தால் முகத்தைச் சுளிப்பவள், அங்கே காலையிலும் இரவிலும் பருப்பும் சோறும் புளிக்கவைத்த குந்த்ருக் கீரையுமாக, தட்டில் கோபுரமாய்க் குவித்ததை வழித்துச் சாப்பிடுகிறாள். அந்த அம்மா கேட்காமலே மறுசோறு போடுகிறாராம். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லையாம். என்னிடம் சொல்ல மட்டும் இருபது வருடமாக மனம் வந்திருக்கிறது.

நமக்கும் அவர்களுக்கும் இரண்டேகால் மணி நேரம் வித்தியாசம். அவர்கள் சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தேகால் ஆகிவிடும். மகள் இரண்டு வார்த்தை பேசியதும் கைப்பேசி பெரியவரிடம் போய்விடும், பிறகு திரும்பி வராது. ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் கேட்கும் கேள்விகளுக்கு நம் நாடாளுமன்ற உறுப்பினரே தயாராகித்தான் வரவேண்டும். பிடாடரியில் கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் எத்தனை புளோக் எழும்பிவிட்டன, முட்டை என்ன விலை, ரொட்டியில் தடவும் காயா இன்னும் அதே ருசிதானா என்று விசாரணை நீண்டுகொண்டே போகும்.

போன வாரம் பேச்சு உட்லி ரயில் நிலையத்துக்கு வந்தது. வடகிழக்குப் பாதை 2003இல் ஓடத் தொடங்கியும், சுற்றுவட்டாரத்தில் ஆள் போதாதென்று 2011 வரை அந்த நிலையத்தைத் திறக்கவில்லை. முகாமுக்குப் பக்கத்திலேயே அது இருந்தும், நிற்காமல் கடந்துபோகும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஆறு வருடம் அதைப் பார்த்திருக்கிறார் மனிதர். எங்கள் புவாங்கோக் நிலையமும் 2006 வரை பூட்டிக் கிடந்ததையும், காசைக் கொட்டிக் கட்டியும் பயனில்லை என்று கிண்டல் செய்து யாரோ அட்டையில் வெள்ளை யானைகள் செய்து நிறுத்திவைத்ததையும் நான் சொல்ல, இருவரும் சேர்ந்து நெடுநேரம் புலம்பினோம். மகள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

முடிவில், உட்லியில் ரயில் நிற்பதைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நேற்று முட்டி வலியோடு போய் நடைமேடையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பாட்டி, வீடு விற்கும் முகவரா என்று கேட்டார். ரயில் வந்தது, கதவு திறந்தது, காய்கறி நிரம்பிய தள்ளுகூடையை இழுத்தபடி ஒருவர் இறங்கினார், அவ்வளவுதான் படம்.

இரவு அதைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. "இறங்குகிறார்கள், பார்!" என்று பெரியவர் மனைவியைத் தட்டிக் காட்டினார். இங்கே பிறந்து இங்கேயே பள்ளிக்குப் போன அவர்களுடைய மகன், திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னான். பின்னாலிருந்து என் மகள், தனக்கு இரண்டு நாளாக இருமல் என்றாள். கோடாலித் தைலம் எங்கே என்று கேட்டேன். வந்த அன்றே பெரியவர் வாங்கிக்கொண்டுவிட்டாராம்.