கோட்டை வாசல் முகவரி

திருகோணமலை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் ஆளைப் பதியும்போது என் பேனை நிற்கும் இடம் ஒன்று உண்டு: முகவரி. "கோட்டை வாசல் எண்டு எழுதுங்கோ மிஸ், மான் படுக்கிற இடம்" என்றார் வீடில்லாத அந்த ஐயா. அப்படியே எழுதினேன்.

நிறை 41 கிலோ. சளியில் கசரோகக் (காசநோய்) கிருமி இருந்தது. கசரோகம் கண்டால் எச்.ஐ.வி.யும் பார்ப்பது வழமை; அதுவும் இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைய, வருடக்கணக்காக உள்ளே உறங்கிக் கிடந்த கசரோகம் எழும்பிவிடும். அவர் மறியலுக்கும் (சிறைக்கும்) போய்வந்தவர். காற்றோட்டமில்லாத அறையில் ஆளோடு ஆள் நெருங்கிப் படுத்தால் கசரோகம் உள்ள ஒருவர் இருமினாலே தொற்றக்கூடும்.

கசரோகத்துக்கு 6 மாதம் குளிசை: முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, பிறகு 4 மாதம் இரண்டு சேர்ந்தது. எச்.ஐ.வி.க்கான டொலுடெக்ராவிர் குளிசையை, கசரோக மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வலுவிழக்கச் செய்வதால், அதை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட வேண்டும். மணிக்கூடு இல்லாதவருக்கு எப்படிச் சொல்வது? காலைப் பூசை, மாலைப் பூசை என்று கோணேசர் கோவிலிடமே கணக்கை விட்டோம். கசரோகக் குளிசையைத் தேத்தண்ணிக் கடை அண்ணையின் கண் முன்னால் விழுங்குவார். மற்ற நோயைப் பற்றி அண்ணைக்கு மூச்சுவிடவில்லை.

நானும் ஒரு பிழை விட்டேன். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும் என்று சொல்ல மறந்துவிட்டேன். இரத்தம் போகுதென்று பயந்து மூன்று நாள் குளிசையைத் தொடவில்லை மனுசன்.

அது சரியாகி இரண்டு கிழமையில் ஆளைக் காணோம். விளக்கமறியல். தேடிப்பிடித்துக் குளிசையைக் கொடுத்தனுப்பினால், அது உள்ளே போன அன்றே அவர் பிணையில் வெளியே. பிணை நல்ல செய்திதான், எங்களுக்குத்தான் தலையிடி.

கடை அண்ணை போன் எடுத்தார்: "உங்கட ஆள் இங்க பிளேன்டீ குடிக்கிறார்." ஓடினேன். குளிசை விழுங்கிய நாளைக் குறிக்கும் அட்டையில் ஒன்பது கட்டம் வெறுமை.

"மறியல்ல இருந்த நாளும் கணக்குத்தானே மிஸ்?"

"இல்லை ஐயா. விட்ட குளிசையைக் கடைசியில் சேர்த்துத்தான் முடிப்பம்."

"அங்கயும் தவணை, இங்கயும் தவணையோ" என்று சிரித்தபடி கையை நீட்டினார். மூன்று குளிசை.