பலெர்மோவுக்கு வரும் சொந்தங்களுக்கு

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் போதும், சூரிச், பரிஸ், லண்டன் என்று எல்லாப் பக்கமிருந்தும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குச் சொந்தங்கள் வரத் தொடங்கிவிடும். எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர் குடியேறி வாழும் ஊர் என்பதால் பலருக்குத் தங்க ஒரு வீடும் இருக்கிறது. வருபவர்கள் கையில் நாள்வாரியாக எழுதிய பட்டியல் ஒன்றும் இருக்கும். அது முதல்நாள் மத்தியானமே குழம்பிவிடுவது வழமை, ஏனென்றால் இந்த ஊர் ஓடும் நேரம் வேறு.

சந்தை காலையில் களைகட்டும். தேவாலயங்கள் பல மத்தியானம் பூட்டப்படும். சின்னக் கடைகள் 1 மணிவாக்கில் சாத்தினால் 4 மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு 7 மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே நிலம் துடைத்துக்கொண்டிருப்பார்கள். 8 மணிக்குப் பிறகு போனால்தான் சாப்பாடு. ஆகவே காலை 8 முதல் 1 வரை ஒரு பாதி, பின்னேரம் 5 மணிக்குப் பிறகு மறுபாதி என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் படுத்து எழும்புங்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் ஆபிரிக்கப் பக்கமிருந்து சிரொக்கோ காற்று வீசும் நாளில் வெயில் 40 பாகையைத் தொடும். அந்த நேரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிவது வீண் வேலை. பள்ளிக்கூடக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மே மாதத்திலோ செப்டெம்பர் கடைசியிலோ வாருங்கள்.

விமான நிலையம் நகரிலிருந்து 35 கிலோமீற்றர் தள்ளி, புந்தா ராய்சியில் இருக்கிறது. 1992இல் மாபியாவால் கொல்லப்பட்ட நீதிபதிகள் பல்கோனே, பொர்செல்லினோ ஆகியோரின் பெயர்தான் அதற்கு. அங்கிருந்து மத்திய நிலையத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. கார் வாடகைக்கு எடுப்பவர்கள் பழைய நகருக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். 'இசட்.ரி.எல்.' (வாகனக் கட்டுப்பாட்டு வலயம்) என்று பலகை போட்ட எல்லைக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைந்தால் கமெரா படம் பிடித்துவிடும். தண்டம் வாடகை நிறுவனம் வழியாக மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், அதோடு நிறுவனம் தன் செலவையும் சேர்த்துக் கழிக்கும். நகரப் பஸ்ஸுக்கு ரிக்கெற்றை முன்னதாகவே 'தபாக்கி' என்ற புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியவுடன் இயந்திரத்தில் பதியவேண்டும். ரிக்கெற் கையில் இருந்தும் பதியாவிட்டால் அதுவும் தண்டம்தான்.

பார்க்கும் இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நோர்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனச் சிற்றாலயத்துக்குப் போங்கள். இரண்டாம் ரொஜர் மன்னன் 12ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தது. சுவர் முழுக்கப் பொன்பதித்த பைசாந்தியச் சில்லோவியம் (மொசைக்), தலைக்கு மேலே தேன்கூடு போலக் குடைந்த அரபுப் பாணி மரக்கூரை. உள்ளே வருபவர்கள் பொன்னைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கூரையை ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வாத்தியம் வாசிப்பவர்கள், கிண்ணம் ஏந்திக் குடிப்பவர்கள் என்று ஓர் அரசவைக் கொண்டாட்டமே தேவாலயத்தின் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்கும். கைபேசி கமெராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அரண்மனையில்தான் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. அதனால் கிழமை நடுவில் அரச அறைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வெள்ளி முதல் திங்கள் வரை வருவது நல்லது. ஞாயிறு காலையில் பூசை நேரத்தில் சிற்றாலயத்துக்குள் விடமாட்டார்கள்.

நகரப் பேராலயத்தின் தெற்கு வாசலில் இடப்பக்கத் தூணைத் தவறவிடாதீர்கள். அதில் அரபியில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. குவாத்ரோ கந்தி சந்தி, பிரெதோரியா நீரூற்று, செங்குமிழ் மாடம் வைத்த சான் கத்தால்தோ தேவாலயம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஐந்து நிமிட நடை, பின்னேரத்தில் சும்மா நடந்தே பார்த்துவிடலாம். பக்கத்து மலையூரான மொன்ரேயாலேக்கு மட்டும் ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். இந்திப்பெந்தென்சா சதுக்கத்திலிருந்து 389 இலக்க பஸ் போகும், ஆனால் அது நேரத்துக்கு வரும் என்று நம்பி அடுத்த திட்டத்தைப் போடாதீர்கள். அங்குள்ள பேராலயத்தில் 6,000 சதுர மீற்றருக்கு மேல் சில்லோவியம். பக்கத்து மடத்து முற்றத்தைச் சுற்றி இரண்டிரண்டாக நிற்கும் 228 தூண்கள். எந்தத் தேவாலயத்துக்கும் தோளும் முழங்காலும் மூடவேண்டும், பையில் ஒரு சால்வை இருந்தால் வாசலில் நின்று வாக்குவாதப்படத் தேவையில்லை.

இனிச் சாப்பாடு. பல்லாரோ சந்தைக்கு 9 மணிக்குப் போங்கள், 12 மணிக்குப் போனால் சுற்றுலாக்காரரின் முதுகைத்தான் பார்க்கலாம். ஞாயிறு மத்தியானத்தோடு கடைகளை எடுத்துவிடுவார்கள். மீன்காரர் வாள்மீனின் தலையை வாள் மேல்நோக்கி நிற்க வைத்திருப்பார், பக்கத்தில் சூரை, கணவாய், சூடை, நெத்தலி. மரக்கறிக் கடையில் ஒரு மீற்றருக்கும் மேல் நீண்ட வெளிர்பச்சைக் காய் தொங்கும். அது நம்முடைய சுரைக்காய்தான். அதன் கொழுந்தைத் 'தெனெரூமி' என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். தக்காளியும் உள்ளியும் போட்டு, உடைத்த ஸ்பகெத்தியோடு தண்ணியாகக் காய்ச்சிக் குடிப்பது இங்கத்தைக் கோடைச் சாப்பாடு. பருப்போடு போட்டுக் கறியாக்கினாலும் குறை சொல்ல முடியாது. அவித்த உருளைக்கிழங்கு, கூனைப்பூ, போறணையில் முழுதாகச் சுட்ட வெங்காயம் ஆகியவற்றையும் சூட்டோடு நிறுத்து விற்பார்கள். வீட்டில் சமைக்கப் பஞ்சிப்படுபவர்களுக்கு அதுவே மதியச் சாப்பாடு.

மச்சம் சாப்பிடாதவர்களுக்கு இந்த ஊரில் கடலைமா கைகொடுக்கும். 'பனெல்லே' என்பது கடலைமாத் துண்டுப் பொரியல். எள்ளுத் தூவிய பாணை இரண்டாகப் பிளந்து, நாலைந்து துண்டை உள்ளே வைத்து, எலுமிச்சம்புளி பிழிந்து தருவார்கள். வீட்டிலும் செய்யலாம். அரைக் கிலோ மாவுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். பச்சைத்தண்ணீரில்தான் மாவைக் கரைக்கவேண்டும், சுடுநீரில் போட்டால் கட்டி பிடித்து எந்த அகப்பையாலும் கரையாது. உப்புப் போட்டு, கை எடுக்காமல் மெல்லிய சூட்டில் கிண்டி, சட்டியை விட்டு விலகும் பதத்தில் நறுக்கிய பார்ஸ்லி சேர்த்து இறக்கவேண்டும். சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி, நன்றாக இறுகியபின் வெட்டி, கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கவேண்டும். இறுகாமல் வெட்டினால் எண்ணெய்க்குள் கரைந்துபோகும், எண்ணெய் சூடு காணாவிட்டால் எண்ணெயைக் குடித்து ஊறிவிடும். தமிழ்க்கடையில் வாங்கும் கடலைமாவுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். கடையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: சில இடங்களில் மீனும் இதே எண்ணெயில்தான் பொரியும், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

மற்றவற்றில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 'அரஞ்சீனா' என்ற சோற்று உருண்டையில் 'அல் பூர்ரோ' என்று எழுதியிருந்தால் பட்டர் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், சீஸோடு பன்றித்தொடை இறைச்சியும் உள்ளே இருக்கும். 'அல்லா கார்னே' அரைத்த இறைச்சி. 'ஸ்பின்சியோனே' என்ற தடித்த பாண் பார்வைக்கு வெங்காயமும் தக்காளியும்தான், உள்ளே நெத்தலி உண்டு. 'பானி கா மேவுசா' கன்றின் மண்ணீரலும் நுரையீரலும் கொழுப்பில் வதக்கியது, மாட்டிறைச்சி விலக்கியவர்கள் விலகவேண்டியது. பர்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை உறைச்சாற்றில்தான் உறைகிறது, கடும் சைவக்காரர் அதையும் விட்டுவிடவேண்டியதுதான். கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது 'கப்பொனாத்தா': பொரித்த கத்தரிக்காய், செலரி, ஒலிவ், கப்பர் என்ற உப்பிலிட்ட பூமொட்டு, அதற்குமேல் வினாகிரியும் சீனியும். புளிப்பும் இனிப்புமான நம்முடைய கத்தரிக்காய் மோஜுவுக்குப் பக்கத்தில் வைக்கலாம். சுடச்சுட எடுக்காதீர்கள், ஆறியபின்தான் சுவை பிடிக்கும்.

'கன்னோலோ' என்ற குழல் இனிப்பு வாங்கும்போது கண்ணாடிக்குள் ஏற்கெனவே நிரப்பி அடுக்கியதைக் காட்டாதீர்கள். வெறுங்குழலை எடுத்து உங்கள் கண்முன்னே ரிக்கோத்தா என்ற மெதுவான செம்மறிப்பால் சீஸை நிரப்பித் தரும் கடைதான் கடை. நிரப்பி ஒரு மணித்தியாலம் போனால் குழல் ஈரம் பிடித்து நமுத்துவிடும். குழல்மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புல் பச்சையாக இருக்கும் பனிக்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான் ரிக்கோத்தா திறம். கோடையில் வருபவர்கள் அதைவிட பிரியோஷ் பாணுக்குள் ஐஸ்கிறீம் வைத்துச் சாப்பிடலாம், இங்கே அதற்குக் காலைச் சாப்பாடு என்று பெயர்.

உணவகத்தில் பில்லைப் பார்த்துச் சண்டை பிடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று 'கோப்பெர்த்தோ', அதாவது மேசைக்கட்டணம், ஆளுக்கு 2 யூரோ அளவில், சட்டப்படியானதுதான். மற்றது மீன். பட்டியலில் 'எத்தோ' என்று இருந்தால் விலை 100 கிராமுக்கு. 7 யூரோ என்று பார்த்து ஒரு முழு மீனைச் சொன்னால் 50 யூரோ வந்து நிற்கும். சமைக்கமுன் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோப்பிக்கு நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொன்று. வெறுமனே 'லாத்தே' கேட்டால் பால்தான் வரும்.

சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போகாமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் திரும்புவதில்லை. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவள் என்று பலெர்மோவார் கொண்டாடும் புனிதை. சைவக்காரரும் கத்தோலிக்கரும் வித்தியாசம் பாராமல் நேர்த்திவைத்துப் பெல்லெக்ரீனோ மலை ஏறுகிறார்கள். கோயில் 429 மீற்றர் உயரத்தில் ஒரு குகைக்குள் இருக்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் கால்வாய்கள் வளைத்து வளைத்துக் கொண்டுபோகும், அந்த நீரை மக்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். 812 பஸ் வாசல்வரை போகும். நடப்பவர்கள் ஜெனரால் கஷீனோ சதுக்கத்திலிருந்து பழைய கல்பாவிய பாதையில் ஏறவேண்டும், ஒன்றேகால் மணித்தியாலமாவது பிடிக்கும். வழியில் தண்ணீரை நம்பாதீர்கள், ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொண்டுபோங்கள். விடிய 6 மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் மேலே நிற்கலாம். ஊர்த்திருவிழா ஜூலை 14 இரவு, மலையேற்றத் திருவிழா செப்டெம்பர் 4. அந்த இரு நாட்களிலும் பஸ் ஓடும் வழிகள் மாறிவிடும்.

கடைசியாகக் கொண்டுபோகும் சாமான்கள். உப்பில் போட்ட பந்தெல்லேரியா கப்பர், திராப்பனி கடலுப்பு, காம்போடு கட்டிய ஓரிகானோ மூன்றும் மலிவு, பாரமில்லை, கெடவும் மாட்டா. ப்ரொந்தே பிஸ்தா விலை கூட, சந்தையில் சந்தேகமாக மலிந்து கிடந்தால் அது ப்ரொந்தேயில் விளைந்ததாக இராது. பிஸ்தாக் கிறீமும் வெயிலில் காயவைத்த தக்காளி விழுதும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும், பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கன்னோலோ குழல்களை வெறுமையாக வாங்கி, பிளாஸ்ரிக் டப்பாவில் கடதாசி சுற்றி அடுக்கினால் உடையாமல் போய்ச் சேரும்.

லண்டன்காரருக்கு: 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து சீஸ், பால், மாட்டு, ஆட்டு, பன்றி இறைச்சி எதையும் சொந்தப் பாவனைக்குக்கூடப் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோக முடியாது. கச்சொகவல்லோ சீஸை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். சுவிஸ்காரருக்கு வரியில்லாமல் கொண்டுபோகும் எல்லை 2025 தொடக்கத்திலிருந்து ஆளுக்கு 150 பிராங். இரு பகுதியினரும் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பதால், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் உடுப்போ சப்பாத்தோ வாங்கினால் வற்வரியில் ஒரு பங்கைத் திரும்ப எடுக்கலாம். காசு கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேட்கவேண்டும், மறுநாள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கமுன் சுங்கத்தில் அதை உறுதிசெய்யுங்கள். சாமானைக் காட்டச் சொன்னால் காட்டவேண்டியிருக்கும், அதனால் உடுப்பிலுள்ள விலைச்சீட்டைக் கிழிக்காமல் பெட்டியின் மேலேயே வையுங்கள்.