முதலில் விதைப்பான், அப்புறம்தான் கலப்பை

சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்கும் ரோட்டாவேட்டரை ஓட்டிய வயல் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு கட்டி இல்லாமல் எங்கும் புழுதி. அந்த அழகை நம்பி ஐந்து வருடம் வாடகை ரோட்டாவேட்டரையே ஓட்டினேன். ஐந்தாவது வருடம் உளுந்து விதைத்த மூன்றாம் நாள் மழை அடித்துப் பெய்தது. அடுத்து வந்த வெயிலில் மேல்மண் ஓடு போல இறுகிவிட்டது. விரலால் பெயர்த்துப் பார்த்தால் அடியில் முளைகள் வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கிடந்தன. பாதி வயலை மறுபடி விதைத்தோம். சொந்தமாகக் கருவி வாங்குவது என்று அந்த வாரம்தான் முடிவெடுத்தேன்.

விசாரிக்கப் போன இடத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "டிராக்டர் எத்தனை ஹெச்.பி.?" எங்களுடையது 45. உடனே அதற்குப் பொருந்தும் கருவிகளை வரிசையாகக் காட்டினார்கள். மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பக்கத்து வயல் பெரியவர் ஒருவர் மட்டும் சொன்னார்: "கருவியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு குழி வெட்டிப் பாருங்க தம்பி."

ஐந்து இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினேன். நான்கு குழிகளில் ஒரே கதை. மேலே 12 செ.மீ. வரை பொலபொலவென்று மண், அதற்குக் கீழே கத்தி இறங்காத ஒரு பட்டை. பழைய பயிரின் வேர்கள் அந்தப் பட்டையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. ரோட்டாவேட்டரின் 'எல்' வடிவக் கத்தி ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆழத்தில் மண்ணைத் தேய்த்துவிட்டுப் போகிறது. ஈரத்தில் ஓட்டினால் இன்னும் மோசம். அந்தக் கருவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1912-ல் ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் அதற்கான சோதனைகளைத் தொடங்கியபோது, வழக்கமான உழவு போல மண்ணை இறுக்காமல் உழ முடியும் என்றுதான் கண்டார். எல்லா வருடமும் ஒரே ஆழத்தில் ஓட்டியது எங்கள் தவறு.

இறுகிய பட்டையை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். ஆனால் அது சில வருடங்களுக்கு ஒரு முறை போதும் என்பதால் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தோம். மண் நன்றாகக் காய்ந்திருந்தபோது, பட்டைக்குச் சற்றுக் கீழே முனை போகும்படி ஓட்டினோம். ஈர மண்ணில் ஓட்டினால் அது கத்தியால் கீறிய கோடு மாதிரி ஒரு பிளவைத்தான் விடும், பட்டை நொறுங்காது.

அப்புறம்தான் விதைப்பானைத் தேடினேன். எல்லாரும் கலப்பையை வாங்கிவிட்டு அதற்கேற்ற விதைப்பானைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மண் எவ்வளவு தூளாக வேண்டும், மேலே பழைய பயிரின் தட்டை எவ்வளவு இருக்கலாம் என்பதை, விதை விழும் சாலைத் திறக்கும் விதைப்பானின் பகுதிதான் முடிவு செய்கிறது. கூர்முனையால் மண்ணைக் கீறும் கொழு வகை, தட்டையை இழுத்துக்கொண்டு போய் அடைத்துக்கொள்ளும். வட்டத்தட்டு வகை தட்டையை வெட்டும், ஆனால் அழுத்த எடை வேண்டும். தட்டை ஈரமாக இருந்தால் வெட்டாமல் மடித்துச் சாலுக்குள் தள்ளிவிடும். விதை மண்ணைத் தொடாமல் அந்தத் தட்டை மேலேயே உட்கார்ந்துவிடும். எங்கள் வயலில் தட்டை மிஞ்சுவது குறைவு என்பதால் கொழு வகையே போதும் என்று முடிவு செய்தேன். கொழுக்கள் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் இருப்பதாகப் பார்த்தேன், இடையில் தட்டை நழுவிப்போக இடம் கிடைக்கும்.

விதையை அளந்து போடும் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட்டேன். பள்ளம் பள்ளமாக உள்ள உருளை வகை சிறுதானியத்துக்கு நல்லது. பெரிய விதையை அது உடைத்துவிடலாம். நாங்கள் மக்காச்சோளமும் விதைப்பதால், குழிகள் கொண்ட சாய்வுத் தட்டு வகையைத் தேடினேன். விதைக்கேற்ப வேறு தட்டு மாட்டிக்கொள்ளலாம். போகும் இடத்துக்கெல்லாம் எங்கள் விதையையே ஒரு பையில் கொண்டுபோய், பெட்டியில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஒருவர் மறுத்தார், அங்கிருந்து வந்துவிட்டேன். இன்னொரு கருவியில் விழுந்த விதையில் பல இரண்டாகப் பிளந்திருந்தன. அதையும் விட்டேன்.

வாங்கிய கருவிக்கு ஏழு வரிசை, இடைவெளி 30 செ.மீ., ஆக அகலம் 2.1 மீட்டர். நிலத்தில் உருளும் சக்கரத்தின் சுற்றளவு 1.2 மீட்டர். ஒரு சுற்றுக்கு 2.52 சதுர மீட்டர். 40 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 100 சதுர மீட்டர், அதாவது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து வேண்டுமென்றால் 200 கிராம் விழ வேண்டும். கருவியைத் தூக்கி நிறுத்தி, ஏழு குழாயிலும் ஏழு பை கட்டி, கையால் 40 சுற்று சுற்றினேன். 350 கிராம்! தட்டின் குழி பெரிதாக இருந்ததால் ஒவ்வொன்றிலும் இரண்டு விதை ஏறியிருக்கிறது. சின்னக் குழித் தட்டை மாட்டியதும் 210 வந்தது. பைகளைத் தனித்தனியாக எடை போட்டதில் ஒரு குழாயில் மட்டும் குறைவு. உள்ளே பட்டறைப் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அரத்தால் தேய்த்தேன்.

வயலில் சக்கரம் சறுக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். ஆரத்தில் துணி கட்டி 20 சுற்று எண்ணினால் 24 மீட்டர் வர வேண்டும். எங்கள் புழுதியில் 26 மீட்டர் போயிருந்தது. அந்த அளவுக்கு விதை குறையும். 210 என்பது 194 ஆகிறது, சரி, அது போதும்.

உழவுக்கு ஒன்பது கொழுக்கள் கொண்ட கலப்பை ஒன்றை எடுத்தேன். ஒரு மூலையில் கல் அதிகம் என்பதால் ஸ்பிரிங் வைத்தது. கல்லில் மோதினால் கொழு பின்வாங்கித் திரும்பிவிடும். ரோட்டாவேட்டர் வாங்கவில்லை. அடித்தட்டையை மண்ணோடு கலக்க வேண்டிய வருடம் மட்டும் வாடகைக்கு எடுத்து, ஆழம் குறைத்து, ஒரே முறை ஓட்டுகிறோம்.

முதல் விதைப்பில் ஒரு இழப்பு. விதைப்பானை இறக்கியபடியே டிராக்டரை ஓரடி பின்னால் எடுத்துவிட்டேன். நடுக் குழாயில் மண் அடைத்துக்கொண்டது. எட்டாம் நாள் முளை வந்தபோதுதான் வயலின் நீளத்துக்கும் ஒரு வரிசை வெறுமையாக இருப்பது தெரிந்தது. இப்போது வண்டி முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் இறக்குகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கிக் குழாய்களைப் பார்க்கிறேன். விதையும் உரமும் நிறைந்த பெட்டியைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசாகிறது, அதனால் முன்பக்கம் எடை மாட்டியிருக்கிறேன்.

இந்த முறை முளைத்த பிறகு வரிசையில் ஒரு மீட்டர் அளந்து எண்ணினேன்: ஒன்பது, பத்து, ஒன்பது. கல் உள்ள மூலையில் மட்டும் ஆறு. கொழு அங்கே துள்ளுவதால் விதை மேலாக விழுகிறது. அந்த மூலையில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.