பேட்ச்வெர்க் முன்னால் சும்மா நின்ற 42 வினாடிகள்

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் 'ராத் ஆஃப் தி லிச் கிங்' கிளாசிக் பதிப்பு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் வெளிவந்த பிறகு, எங்கள் குழு 25 பேராக நக்ஸ்ரமாஸ் கோட்டைக்குள் வாரம் இருமுறை இறங்கத் தொடங்கியது. குழுவில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள். தமிழர்கள் என்று பார்த்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நானும், கம்பாரிலிருந்து ஆடும் ஒரு தம்பியும் மட்டுமே. சிட்னியில் இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே மாலை ஐந்து. அங்கே கோடைக்கால நேரம் முடிந்துவிட்டால் ஆறு. இரண்டுமே எங்கள் பக்கத்தில் இடி மழை வந்து இறங்குகிற நேரம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

நான் ஆடியது ஷேடோ பிரீஸ்ட், மந்திரங்களால் எதிரியைத் தாக்கும் பாத்திரம். ஒவ்வொரு மோதலும் முடிந்த பிறகு திரையில் வரும், யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்ற டேமேஜ் பட்டியலில் என் பெயர் எப்போதும் கடைசிப் பகுதியில்தான் நிற்கும். அதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் தயாராக இருந்தன: ஒன்று, இணைய இணைப்பு, மற்றொன்று, நல்ல உபகரணங்கள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது. இவ்விரண்டையும் நான் பல மாதங்கள் உண்மையாகவே நம்பினேன். போர்ப் பதிவைத் திறந்து படித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டுமே உதிர்ந்துபோயின.

பதிவு எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உரையாடல் பெட்டியில் சாய்வுக்கோடு போட்டு 'காம்பேட்லாக்' என்று தட்டினால், விளையாட்டு தன் கோப்புறையில் ஓர் எழுத்துக் கோப்பைத் திறந்து, நடப்பதை எல்லாம் வரிவரியாக எழுதத் தொடங்கிவிடும். அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு காம்பேட் லாகிங்' என்பதையும் இயக்கி வைத்தால் யார் எங்கே நின்றார்கள் என்பதுவரை பதிவாகும். ஒவ்வொரு வரியிலும் நேரம் மில்லிவினாடி வரை இருக்கும். யார், யார்மீது, எந்த மந்திரத்தை, எவ்வளவு என்பது காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு மாலைக்கே இலட்சக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடுவதால் அதை யாரும் கண்ணால் படிப்பதில்லை. வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் ஏற்றினால் அது அட்டவணையாகவும் வரைபடமாகவும் பிரித்துக் கொடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பேட்ச்வெர்க் மோதலை என்று கம்பார் தம்பி சொன்னான். அவன் சொன்னது சரி. பேட்ச்வெர்க் அந்தக் கோட்டையின் எதிரித் தலைவர்களில் ஒருவன், ஓர் இடத்தில் நின்று, முன்வரிசையில் அடி வாங்கும் டேங்குகளை அடித்துக்கொண்டே இருப்பவன். அவனிடம் ஓட வேண்டியதில்லை, ஒளிய வேண்டியதில்லை. அங்கே ஒருவனின் எண் குறைந்தால் அதற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்ட முடியாது. எங்கள் மோதல் 190 வினாடிகள் நீடித்தது. அதில் நான் செயல்பட்ட நேரம் 78 விழுக்காடு என்று தளம் காட்டியது. அப்படியானால் ஏறத்தாழ 42 வினாடிகள், என் எதிரே ஒரு பூதம் நின்றுகொண்டிருக்க, நான் எதுவும் செய்யாமல் நின்றிருக்கிறேன்.

இணைப்பின்மீது பழி போட அப்போதும் முயன்றேன். ஆனால் இணைப்பு மெதுவாக இருந்திருந்தால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இடையில் சிறிது சிறிதாக, ஏறக்குறைய ஒரே அளவில் தாமதம் தெரிந்திருக்க வேண்டும். காலக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் மந்திரங்கள் நெருக்கமாக, ஒழுங்காக வரிசையில் வந்து, பிறகு திடீரென மூன்று வினாடி வெறுமை. மறுபடி வரிசை, மறுபடி வெறுமை. அந்த வெறுமைகள் 15 வினாடிகளுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தன. அந்த 15ஐப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது: வாம்பிரிக் டச் எதிரியின்மேல் நிற்கும் காலம் 15 வினாடி.

அது மூன்று வினாடிக்கு ஒருமுறை வலி கொடுக்கும் மந்திரம். முடிவதற்கு முன்பே அதை மறுபடி போட்டால் கடைசி அடி வீணாகும் என்று எப்போதோ யாரோ சொன்னதை நான் வேதமாக எடுத்துக்கொண்டிருந்தேன். இடையில் போடும் மைண்ட் ஃப்ளே என்ற மந்திரம் ஓட மூன்று வினாடி ஆகும் என்பதால், வாம்பிரிக் டச் தீர இரண்டு வினாடி இருக்கும்போது மைண்ட் ஃப்ளேயைத் தொடங்கப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அது தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னொரு வினாடி கழித்துத்தான் விரல் அசையும். அதற்குமேல் மந்திரத்தை ஓதி முடிக்க ஒன்றரை வினாடி. இப்படியே பத்துச் சுற்று. 42இல் 30 வினாடி இதிலேயே போயிருந்தது. அந்த மந்திரம் எதிரியின்மேல் நின்ற நேரமும் 84 விழுக்காடாகச் சரிந்திருந்தது. சோம்பலால் வந்த நட்டமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. மிகுந்த கவனத்தோடு, விதியை மீறாமல், ஒவ்வொரு முறையும் நானே ஏற்படுத்திக்கொண்ட நட்டம் அது.

திருத்தம் எளிது, பழக்கம் கடினம். ஓதுவதற்கே ஒன்றரை வினாடி ஆவதால், பழையது தீருவதற்கு ஒன்றரை வினாடி முன்பே தொடங்கினால் பழையது போன கையோடு புதியது இறங்கும். அதுவரை மைண்ட் ஃப்ளேயை இரண்டு அடியோடு வெட்டிவிட்டாலும் பரவாயில்லை. மூன்று வாரம் இந்த ஒன்றை மட்டுமே பயின்றேன். செயல்பட்ட நேரம் 93 விழுக்காடு ஆனது. உபகரணத்தில் ஒரு மோதிரம் மட்டுமே மாறியிருந்தது.

இதை நான் அப்பாவிடம் காட்டினேன். அவர் ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். தொழிலாளர் வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதியவர், ரப்பர்ப் பால் நிறுத்தவர். திரையிலிருந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது நிறுவையா, உலர் ரப்பரா?" என்று கேட்டார். தண்ணீர் கலந்த பால் வாளியில் கனக்கும், ஆனால் பாலிலுள்ள ரப்பரை அளக்கும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பது அவர் காலத்துக் கதை. அந்தக் கேள்வியின் ஆழம் அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அனுப்ரேக்கன் என்ற இன்னொரு எதிரித் தலைவனோடான மோதலில், பிணங்களிலிருந்து கிளம்பும் சிறு வண்டுக் கூட்டத்தின்மேல், பலரை ஒருசேரத் தாக்கும் மைண்ட் சியர் மந்திரத்தைப் பொழிந்து, மொத்த எண்ணை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் ஆட்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். தளத்தில் இலக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தலைவன்மேல் விழுந்தது எவ்வளவு என்று தெரியும்.

அப்பா கேட்ட இன்னொன்று: "மழை பெய்த நாளை எங்கே எழுதியிருக்கிறான்?" மழை நாளில் பால் வெட்டு இல்லை, செக்ரோலில் அதைக் குறிக்காமல் விட்டால், மாதக் கடைசியில் துரை தொழிலாளியைத்தான் கேட்பார். போர்ப் பதிவில் அப்படி ஒரு பத்தி இல்லை. கோட்டையின் இறுதித் தலைவனான கெல்துசாட்டோடு நடக்கும் மோதலின் கடைசிக் கட்டத்தில் வரும் காவலர்களை ஷேக்கிள் அண்டெட் மந்திரத்தால் கட்டி வைக்கும் வேலையை ஒரு வாரம் எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான் ஒழுங்காகக் கட்டினேன், யாரும் சாகவில்லை, நாங்கள் வென்றோம். மறுநாள் தளம் என் பெயருக்கு எதிரே சாம்பல் நிறம் பூசியிருந்தது. சாம்பல், பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று ஏறும் அந்த நிறவரிசை, என்னைப் போல் அடிக்கும் ஆட்களுக்கு, டேமேஜை மட்டுமே உலகத்தாரோடு ஒப்பிடுகிறது. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் அந்தச் சாம்பலைச் சுட்டிச் சிரித்தார். அவருக்குப் பதில் சொல்லும் சிரமத்தைக் குழுத் தலைவர் ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நேர்மாறாக, பதிவு என்னை நாணச் செய்த இரவும் உண்டு. அதே கெல்துசாட்டிடம் நான் செத்து விழுந்தபோது, குணப்படுத்தும் வேலையில் இருந்த கம்பார் தம்பியிடம் குரல் வழியில் கடிந்துகொண்டேன். அவன், "பதிவைப் பார்த்துட்டுப் பேசுங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். மரணப் பக்கத்தைத் திறந்தால், என் உயிர் நிறைந்திருக்கிறது. அடுத்த வரியில் ஒரே அடியில் நான் இல்லை. தரையில் கருநிழல் விரிந்து, சில வினாடிகளில் அதில் நிற்பவரைக் கொல்லும் தாக்குதல் அது. எந்த மருத்துவனும் அதைத் தடுக்க முடியாது. காலை எடுத்து வைத்திருக்க வேண்டியவன் நான். மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் யாரையும் குறை சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறப்பது வழக்கமாகிவிட்டது.

தொடங்குகிறவர்கள் உலகின் முதல் இடத்தில் இருப்பவரின் பதிவோடு தம்முடையதை ஒப்பிட வேண்டாம். அவருடைய குழு பேட்ச்வெர்க்கை நம்மில் பாதி நேரத்தில் முடித்திருக்கும். குறுகிய மோதலில் ஆரம்பக் கட்டத்து மருந்துகளும் ஊக்கங்களும் எண்ணைத் தூக்கிவிடும். அதே பாத்திர வகுப்பு, ஏறக்குறைய அதே உபகரணம், அதே நீளமுள்ள மோதல் என்று தேடி, ஊதா நிறத்தில் இருக்கும் ஒருவரை எடுத்து, இரண்டு காலக்கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்ததில் எனக்கு இன்னும் ஒரு வெறுமை மிச்சம் இருந்தது தெரிந்தது. மோதல் தொடங்கியதும் முதல் மந்திரத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இரண்டேகால் வினாடி. அடுத்த செவ்வாய் அதைக் கவனிக்கலாம் என்று இருந்தேன். அன்று ஐந்தேகாலுக்கு மின்னல் வெட்டி, வீட்டில் மின்சாரம் போய், என் பதிவு பேட்ச்வெர்க் அறைக்கு இரண்டு அறை முன்பே நின்றுவிட்டது.